எங்க கிணத்து மேட்டுக்கு வந்த அலைகள்

இந்தப் பொங்கலுக்குத் தங்கச்சியும் மாப்பிள்ளையும் பெங்களூரில் இருந்து வந்திருந்தாங்க. மாப்பிள்ளைக்கு லீவு ரெண்டு நாள்தான். மூணாம் நாள் இங்க இருந்தே வேலை பாத்துக்கறேன்னு லேப்டாப்பையும் தூக்கிட்டு வந்துட்டார். கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போன்ல கேட்டார்: "மச்சான், அங்க எந்த நெட்வொர்க் ஸ்பீடு ஜாஸ்தி?" "எல்லாமே எடுக்கும்ங்க மாப்பிள்ளை, ஆனா எங்க நின்னு பேசறீங்கங்கறதைப் பொறுத்துத்தான்"னு சொன்னேன். அவர் நம்பலை. இணையத்துல ஏதோ பட்டியல் பாத்து, அதுல முதல் இடத்துல இருந்த கம்பெனி சிம்மைப் புதுசா வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தார்.

சாளைத் திண்ணையில உக்காந்தப்ப அந்த சிம் பறந்துச்சு. நாப்பது மெகாபிட்டுக்குக் குறையாம காட்டுச்சு. "பாத்தீங்களா மச்சான்"ன்னார். மத்தியானம் வேப்பமரத்து நிழலும் காத்தும் நல்லா இருக்கேன்னு கட்டிலை எடுத்துக் கிணத்து மேட்டுக்குப் போட்டுக்கிட்டார். சாளைக்கும் கிணத்துக்கும் முக்கால் கிலோமீட்டர் இருக்கும். நடுவுல தென்னந்தோப்பு. அங்க மீட்டிங் பேசிட்டு இருக்கறப்பவே அறுந்து போச்சு. போனைத் தலைக்கு மேல தூக்கிட்டு வரப்புல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கறார். அந்த நேரம் பாத்து என் மடியில இருந்த பட்டன் போன் அடிச்சுது. பால் சொசைட்டியில இருந்து. நின்ன இடத்துல நின்னு பேசி முடிச்சேன். "அது எப்படி மச்சான்?"னு கேட்டார்.

அன்னைக்கு அவருக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் இங்க எழுதறேன். இதுல பாதி எங்க ஊர்க் கதை, பாதி டெல்லிக் கதை.

'ஸ்பெக்ட்ரம்'ங்கற வார்த்தை எங்க ஊர் டீக்கடைக்கு 2010 கடைசியிலதான் வந்துச்சு. ஊழலோட பேராத்தான் வந்துச்சு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடின்னு போட்டிருந்ததை, எத்தனை சைபர்னு கரித்துண்டால சுவத்துல எழுதிப் பாத்தவங்க இருக்காங்க. பத்திரிகைக்காரங்க 'அலைக்கற்றை'ன்னு தமிழாக்கினாங்க. கற்றைன்னா எங்களுக்குத் தெரியும், நாத்துக் கட்டு மாதிரி. அலையை எப்படிக் கட்டறதுன்னுதான் புரியலை. 2011 தேர்தல் முழுக்க அந்த வார்த்தை ஓடுச்சு. கடையில இருந்த பாதிப் பேர் கையில செல்போன் இருந்துச்சு. அந்தக் கற்றைதான் நம்ம மடியில இருக்கற போனுக்குள்ள வந்து போகுதுன்னு ஒருத்தரும் யோசிக்கலை. நானும்தான்.

அதுக்கும் முன்னாடி, எங்க பக்கம் ஊருங்கறது ஒரே இடத்துல இருக்காது. வெள்ளகோவிலுக்கும் காங்கேயத்துக்கும் நடுவுல வந்தவங்களுக்குத் தெரியும்: கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதுக்கு நடுவுல தோட்டத்துக்கு ஒரு சாளை. ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவுல கூப்பிட்டாக் கேக்காத தூரம். இப்படி இருக்கற ஊர்ல கம்பம் நட்டு, கம்பி இழுத்து போன் கொடுக்கறதுக்கு எந்த அரசாங்கத்துக்கும் கட்டுபடி ஆகாது. அவசரம்னா சைக்கிள் எடுத்து மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போகணும். எங்க அப்பாரு செத்ததை சொந்தபந்தத்துக்குச் சொல்ல சித்தப்பா பூத்துல உக்காந்து பேசினதுல மீட்டர் ஓடுனதை வருஷக்கணக்காச் சொல்லிக் காட்டுவார்.

நகரத்துக்கு செல்போன் வந்த தேதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1995 ஜூலை 31-ல கல்கத்தாவுல இருந்து முதலமைச்சர் ஜோதிபாசு டெல்லியில இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குப் பேசினார். முதல்ல நாலு பெருநகரத்துக்குத்தான் லைசென்ஸ், சென்னை அதுல ஒண்ணு. மீதித் தமிழ்நாடு தனி வட்டம். இங்க 1990-களோட கடைசியிலதான் ஆரம்பிச்சுது. ஏர்செல் வந்தது 1999. அதே வருஷம்தான் மத்திய அரசு புதுத் தொலைத்தொடர்புக் கொள்கை கொண்டு வந்து, கம்பெனிங்க வருஷா வருஷம் கட்ட வேண்டிய பெரிய தொகையை மாத்தி, வருமானத்துல பங்கு கொடுத்தாப் போதும்னு ஆக்குச்சு. அது மட்டும் நடக்கலைன்னா பாதிக் கம்பெனிங்க அப்பவே மூடியிருக்கும். ஆரம்பத்துல வர்ற காலுக்கும் காசு. யாராவது கூப்பிட்டா, எடுக்கறதா வேண்டாமான்னு முதலாளிமாரே யோசிச்ச காலம் அது. 2003-ல கூப்பிடறவர்தான் காசு கொடுக்கணும்னு ஆனதுக்கு அப்புறம்தான் எங்களை மாதிரி ஆளுங்க கைக்கு வந்துச்சு.

அந்த முதல் கம்பெனிங்களுக்குக் கொடுத்தது 900 மெகாஹெர்ட்ஸ். எல்லாம் அங்கதான் தொடங்குது. கொஞ்சம் பொறுத்துக்கங்க, இந்த ஒரு கணக்கைச் சொல்லிட்டாப் பின்னால வேலை சுலபம்.

900 மெகாஹெர்ட்ஸ்னா அந்த அலை ஒரு நொடிக்குத் தொண்ணூறு கோடி தடவை துடிக்குது. ஒரு துடிப்போட நீளம் 33 சென்டிமீட்டர், ஒரு அடியும் கொஞ்சமும். 1800-ன்னா அதுல பாதி, 17 சென்டிமீட்டர். 2300-ன்னா 13, ஒரு சாண்கூட இல்லை. இந்த 5ஜிக்குக் கொடுத்த 3300-ன்னா 9 சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம். எதிர்த்திசையில போனா 700 மெகாஹெர்ட்ஸ் 43 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழம். நீளமான அலை தோப்பு, சுவர், மேடு எல்லாத்தையும் ஓரளவு சுத்தி வளைஞ்சு போகும். குட்டை அலை பச்சை இலையிலயே பாதி செத்துரும், இலைக்குள்ள இருக்கறது தண்ணிதானே. மத்ததெல்லாம் ஒண்ணா இருந்தா, துடிப்பை இரட்டிப்பாக்குனா வந்து சேர்ற பலம் நாலுல ஒரு பங்காயிரும். எட்டற தூரம் பாதியாச்சுன்னா, அதே நிலத்தை மூட நாலு மடங்கு டவர் வேணும். சென்னையில தெருவுக்கு நாலு டவர் வச்சாலும் கம்பெனிக்குக் காசு வரும். எங்க கொறங்காட்டுல நாலு டவர் வச்சு ஆட்டுக்குட்டிக்கா சிம் விப்பான்?

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணும் இருக்கு. குறைஞ்ச துடிப்புப் பக்கம் இடம் கம்மி. டி.வி., ராணுவம், இன்னும் யார் யாரோ ஏற்கெனவே உக்காந்திருந்த இடம் அது. அதனால கம்பெனிக்குக் கிடைச்சதெல்லாம் சின்னச் சின்னத் துண்டு. முதல் லைசென்ஸ்ல கொடுத்தது போறதுக்கு 4.4 மெகாஹெர்ட்ஸ், வர்றதுக்கு 4.4. அதை 200 கிலோஹெர்ட்ஸா அறுத்தா 22 துண்டு. பக்கத்துப் பக்கத்து டவர் ஒரே துண்டைப் பாவிச்சா இரைச்சல் வரும்னு பங்கு போட்டுக் கொடுத்ததுல ஒரு டவருக்கு ரெண்டு, மூணு துண்டுதான். ஒரு துண்டுல எட்டுப் பேர் பேசலாம். பொங்கலன்னைக்கு 'நெட்வொர்க் பிஸி'ன்னு கழுத்தறுத்தது ஞாபகம் இருக்கா? அது இதுதான்.

எங்க ஆளுங்களுக்கு இதை வாய்க்காலா சொன்னாப் புரியும். பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் எங்க வெள்ளகோவில் பக்கம் வர்றப்ப கடைமடை. மேல்மடையில வாய்க்கால் அகலமா, தண்ணி கரை புரள ஓடும். கடைமடைக்கு வர்றதுக்குள்ள உறிஞ்சது, திருப்புனது போக ஒரு நூல் மாதிரி வரும். 900-ங்கறது அகலம் கம்மியான, ஆனா கல் பதிச்ச வாய்க்கால். தண்ணி கொஞ்சம்தான், கடைசி வரைக்கும் வரும். 2300, 3300 எல்லாம் அகலமான மண் வாய்க்கால். தலைமடையில நின்னு அளந்தா அதுதான் ராஜா.

சரி, கதைக்கு வர்றேன். 900 முதல்ல வந்தவங்களுக்கும் பி.எஸ்.என்.எல்.லுக்கும் போயிருச்சு. 2001-ல நாலாவது லைசென்ஸ் ஏலம் விட்டாங்க. அவங்களுக்குக் கிடைச்சது 1800. ஒரே மாதிரி போன், ஒரே மாதிரி சிம், ஒரே விலை; ஆனா ஒருத்தன் வச்ச டவர் ரெண்டு தோட்டம் தாண்டி வரும், இன்னொருத்தன் டவர் முதல் தோப்புலயே நின்னுரும். எங்க ஊர்ல அப்ப இதைக் கம்பெனியோட குணம்னு நினைச்சோம். 'அவன் நல்லவன், இவன் ஏமாத்தறான்'னு பேசிக்கிட்டோம். போன்லயும் ஒரு சூட்சுமம் உண்டு. 900-ல பேசற 2ஜி போன் அதிகபட்சமா 2 வாட் வரைக்கும் கத்தலாம், 1800-ல 1 வாட்தான். இன்னைக்கு இருக்கற 4ஜி போன் வழக்கமா 0.2 வாட். டவர் கத்தறது நமக்குக் கேட்டாப் போதுமா, நாம கத்தறது டவருக்குக் கேக்கணுமே. மாப்பிள்ளையோட எழுபதாயிர ரூபாய் போன் ஊமையாகி, என் பட்டன் போன் அடிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ணு வந்துச்சு, அதைப் பத்தி யாரும் இப்பப் பேசறதில்லை. 800 பக்கத்துல ஓடுன சி.டி.எம்.ஏ. பி.எஸ்.என்.எல். அதுல டபிள்யூ.எல்.எல்.ன்னு ஒரு போன் கொடுத்துச்சு. பாக்கறதுக்கு வீட்டு போன் மாதிரியே இருக்கும், பின்னாடி ஒரு குச்சி ஆன்டெனா, கம்பி கிடையாது. எங்க பக்கம் பல சாளைகள்ல முதல்ல மணி அடிச்ச போன் அதுதான். எங்க அம்மா அதுக்குப் பூப்போட்ட துணி தச்சு மூடி வச்சிருந்தாங்க. ரிலையன்ஸ் 2002 டிசம்பர் 28-ல அதே வகையில இறங்குச்சு. அடுத்த வருஷம் 501 ரூபாய்க்குப் போன்னு விளம்பரம் பண்ணினப்ப, கல்யாண மண்டபத்துல எல்லார் சட்டைப் பையிலயும் ஒரே மாதிரி போன். சிம் கழட்ட முடியாது, போனை மாத்த முடியாதுன்னு ஆயிரம் குறை. உலகம் முழுக்க மத்த வழியில போனதால கடைசியில சி.டி.எம்.ஏ. தோத்துப்போச்சு. கம்பெனிங்க ஒவ்வொண்ணா மூடுனாங்க. ஆனா அந்த அலை எங்கயும் போகலை. அதுக்குப் பின்னால வர்றேன்.

2008-ம் வருஷக் கதையை நான் நீட்டலை, நீங்க எல்லாரும் படிச்சதுதான். 2001 விலையில, முதல்ல வந்தவருக்கு முதல்லன்னு லைசென்ஸ் கொடுத்தாங்க. 2012 பிப்ரவரி 2-ல உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸை ரத்து பண்ணுச்சு. 2017 டிசம்பர்ல தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. என்னோட அக்கறை வேற. அந்த வழக்குக்கு அப்புறம் அலையை ஏலத்துல மட்டும்தான் விக்கணும்னு ஆகிப்போச்சு. ஏலம்னா அதிக விலை கேக்கறவனுக்கு. விலை குடுத்தவன் முதல்ல எங்க டவர் வைப்பான்? கூட்டம் இருக்கற இடத்துல. இது தப்புன்னு நான் சொல்ல வரலை. கொப்பரையை நானும் ஏலத்துலதான் விக்கறேன். ஆனா கடைமடைன்னு ஒண்ணு இருக்குங்கறதை ஏலக்காரர் ஞாபகம் வச்சுக்கணும் இல்லையா. அதுக்குன்னே ஒரு நிதி இருக்கு, கம்பெனிங்க வருமானத்துல 5 சதவீதம் எடுத்து, அலை போகாத ஊருக்குச் செலவு பண்ண. 2007-ல இருந்து அந்தக் காசுல நாடு முழுக்க ஏழாயிரத்துச் சொச்சம் டவர் கிராமங்கள்ல நின்னுது. அதை யாரும் டீக்கடைச் சுவத்துல எழுதலை.

3ஜிக்கு 2010-ல 34 நாள் ஏலம் நடந்து அறுபத்தேழாயிரம் கோடிக்கு மேல போச்சு. அது 2100 மெகாஹெர்ட்ஸ். எங்க தோட்டத்துக்கு அது வந்து சேரவே இல்லை. வெள்ளகோவில் சந்தையில கிடைக்கும், மூணு கிலோமீட்டர் வந்தா 'இ'ன்னு ஆயிரும். 3ஜியைப் பத்தி எங்க ஊர்ச் சரித்திரத்துல எழுத இவ்வளவுதான் இருக்கு.

ஆனா அந்த 2ஜி காலத்துல எங்களுக்கு ஒண்ணு கிடைச்சுது, நகரத்து ஆளுங்களுக்குத் தெரியாதது. மொபைல் ஸ்டார்ட்டர். கிணத்து மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்ப வரும்னு தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். அந்த நேரத்துல டார்ச் எடுத்துக்கிட்டு, பாம்பு பல்லியெல்லாம் தாண்டி முக்கால் கிலோமீட்டர் நடக்கணும். இந்தப் பெட்டியை ஸ்டார்ட்டரோட மாட்டி உள்ள ஒரு சிம் போட்டுட்டா, வீட்டுல படுத்துக்கிட்டே ஒரு மிஸ்டு கால், மோட்டார் ஓடும். இன்னொண்ணு கொடுத்தா நிக்கும். கரண்டு வந்தா அதுவே நம்மளைக் கூப்பிட்டுச் சொல்லும். அதுக்கு ஸ்பீடே வேண்டாம். பேசக்கூட வேண்டாம். மணி அடிச்சாப் போதும். தூரமா இருக்கற கிணத்துக்கு 900 வந்ததாலதான் அது நடந்துச்சு. எங்க ஊர்ல ராத்திரித் தூக்கத்தைத் திருப்பிக் குடுத்த சாமானம்னா அதைத்தான் சொல்லுவேன்.

2016 செப்டம்பர் 5-ல ஜியோ வந்துச்சு. 2ஜி, 3ஜி எதுவும் இல்லாம நேரா 4ஜி. அவங்க கையில மூணு அலை இருந்துச்சு: 850, 1800, 2300. இதுல 2300, 2010 ஏலத்துல அகன்ற அலைவரிசைன்னு தனியா வித்தது, ஒரு துண்டு 20 மெகாஹெர்ட்ஸ். இன்ஃபோடெல்னு ஒரு கம்பெனி 22 வட்டத்துலயும் எடுத்துச்சு, அன்னைக்கே அதை ரிலையன்ஸ் வாங்கிருச்சு. தமிழ்நாட்டுல அதோட இன்னொரு துண்டு ஏர்செல் கையில இருந்து 2016-ல ஏர்டெல்லுக்குப் போச்சு. எட்டு வட்டத்துக்கும் சேர்த்து 3,500 கோடி. ரெண்டு வருஷத்துல ஏர்செல்லே திவால் மனு போட்டுருச்சு. கோயமுத்தூர்ல, திருப்பூர்ல படம் தடங்காம ஓடறதுக்கு இந்த 2300 பெரிய காரணம்.

850-தான் எங்களுக்கு வந்தது. மேல சொன்னேனே, அம்மா துணி தச்சுப் போட்ட டபிள்யூ.எல்.எல். போனோட பக்கத்து அலை, தோத்துப்போன சி.டி.எம்.ஏ. ஓடுன அலை. அதையே எடுத்து 4ஜி ஓட்டினாங்க. அலைக்கு மேல ஓடற வண்டியை மாத்துனாங்க, தடம் பழசுதான். நீளம் 35 சென்டிமீட்டர், 900-ஐ விடக் கொஞ்சம் கூட. 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல சாதாரண 4ஜி அதிகபட்சமா 37 மெகாபிட் தரும், அதுவும் டவர் அடியில தனியா நின்னா. 20 மெகாஹெர்ட்ஸ் இருந்தா 150. ஒரு டவரை நாலு ஊர் பங்கு போட்டுக்கிட்டு, ஓரத்துல நிக்கறவனுக்கு மூணோ நாலோதான் மிஞ்சும்.

அந்த மூணோ நாலோ எவ்வளவுன்னு 2020-ல தெரிஞ்சுது. பங்காளி மகள் அப்பப் பத்தாவது. பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் போன்ல. அவங்க சாளை பள்ளத்துல இருக்கு, உள்ள ஒரு புள்ளிகூட வராது. எங்க மோட்டார் ரூம் கூரை மேல தார்ப்பாய் கட்டிக் கொடுத்தோம். அங்க 850 வந்துச்சு. வீடியோ சொதப்பும், வாத்தியார் முகம் சதுரம் சதுரமாத் தெரியும், ஆனா குரல் அறாது. காலையில தூக்குப்போசியில சோறு எடுத்துக்கிட்டு ஏறுனா மத்தியானம்தான் இறங்கும். இப்ப ஈரோட்டுல நர்சிங் படிக்குது. அந்தக் கூரை மேல ஓடுன 4ஜியை எந்த ஸ்பீடு பட்டியல்ல போட்டாலும் கடைசி வரிசையிலதான் இருக்கும்.

பட்டியல்னதும் இதைச் சொல்லணும். மாப்பிள்ளை காட்டுன பட்டியல் பொய் இல்லை. ஆயிரக்கணக்கான ஜனங்க தங்களோட போன்ல ஓட்டுன ஸ்பீடு டெஸ்ட்டைக் கூட்டி வகுத்தது. ஒழுங்குமுறை ஆணையமான டிராயே 2016-ல மைஸ்பீடுன்னு அதுக்கு ஒரு செயலி விட்டுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, சிக்னலே எடுக்காத இடத்துல ஸ்பீடு டெஸ்ட் ஓடாது. ஓடாத டெஸ்ட் சராசரியில சேராது. ஒரு கம்பெனி தோப்புக்கு வெளியவே நின்னுக்கிட்டா அதோட சராசரி நல்லா இருக்கும். இன்னொரு கம்பெனி சிரமப்பட்டுக் கிணத்து மேடு வரைக்கும் மூணு மெகாபிட்டைக் கொண்டாந்தா, அதோட சராசரி அந்த மூணால கீழ இறங்கும். நெல்லு விளைச்சலை மேல்மடையில மட்டும் அறுத்து எடை போட்டு மாவட்டச் சராசரி எழுதற மாதிரித்தான். எந்த இடத்துக்கு எது எட்டுதுன்னு கம்பெனிங்க வரைபடம் வெளியிடணும்னு 2024 விதியில டிராய் சொன்னது நல்ல காரியம். எங்க கிணறு அந்தப் படத்துல முழுக்க நிறம் பூசித்தான் இருக்கு. படம் வரைஞ்சவர் தென்னந்தோப்பைப் பாக்கலை போல.

இப்ப 700 கதை. இதைத்தான் மாப்பிள்ளைக்குச் சொல்றப்ப எனக்கே கொஞ்சம் குரல் ஏறிருச்சு.

ஒரு முழம் நீளமுள்ள இந்த அலைதான் இருக்கறதுலயே எங்களை மாதிரி ஊருக்கு ஏத்தது. 2016 அக்டோபர்ல முதல் தடவை ஏலத்துக்கு வந்துச்சு. அடிப்படை விலை, நாடு முழுமைக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி. தூரம் போற அலை, டவர் செலவு மிச்சம், அதனால விலை ஜாஸ்தின்னு கணக்குப் போட்டாங்க. ஒருத்தனும் வாங்கலை. ஒரு துண்டுகூடப் போகலை. 2021-ல விலையை 6,568 கோடிக்கு இறக்கி மறுபடியும் விட்டாங்க. அப்பவும் போகலை. 2022-ல 3,927 கோடிக்கு இறக்குனதுக்கு அப்புறம் ஜியோ 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்துச்சு, 22 வட்டத்துக்கும். அது 39,270 கோடி. வேற யாரும் கேக்கலை, அதனால அடிப்படை விலைக்கே முடிஞ்சுது.

ஆக, 2016-ல இருந்து 2022 வரைக்கும் ஆறு வருஷம் அந்த அலை காத்துல சும்மா இருந்துச்சு. அலைங்கறது நெல்லு மாதிரி இல்லை, குடோன்ல வச்சு அடுத்த வருஷம் விக்க. போன வருஷம் பாவிக்காத அலை போனது போனதுதான். அந்த ஆறு வருஷத்துக்குள்ளதான் கொரோனாவும் வந்துச்சு. பங்காளி மகள் கூரை மேல உக்காந்திருந்தப்ப அதுக்கு மேல 700 காலியாக் கிடந்துச்சு. அரசாங்கம் நட்டத்துக்கு விக்கணும்னு சொல்லலை. 2008-ல மலிவாக் கொடுத்துட்டோம்னு அடி வாங்குன பயம், அடுத்த தடவை விலையைத் தூக்கி வச்சுருச்சுன்னு நான் நினைக்கறேன். மலிவாக் கொடுத்ததைக் கணக்குப் போட ஒரு தணிக்கையாளர் இருந்தார். சும்மா கிடந்ததைக் கணக்குப் போட யாரும் இல்லை. டீக்கடைச் சுவத்துல அந்த நட்டத்துக்கு சைபர் எழுத எங்களுக்கும் தோணலை.

2022 அக்டோபர் 1-ல 5ஜி தொடங்குச்சு. அதோட பெரிய வேகமெல்லாம் அந்த உள்ளங்கை அகல 3300-ல. ஒரே கம்பெனி கையில 100 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கு. மாப்பிள்ளை திண்ணையில பாத்தது அதில்லை, 4ஜிதான். ஆனா மெயின் ரோட்டுல பஸ் ஸ்டாப்புல நின்னா 5ஜி முந்நூறு காட்டும். பி.எஸ்.என்.எல்.லுக்கும் 2023-ல 700-ல பங்கு ஒதுக்கியிருக்காங்க. 2025 செப்டம்பர்ல உள்நாட்டுக் கருவிலேயே அவங்க 4ஜி தொடங்கியாச்சு. அது எங்க கிணத்து மேட்டுக்கு எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

அதுக்குள்ள பின்பக்கமா ஒண்ணு நடந்துக்கிட்டு இருக்கு. 2ஜி ஓடுன 900-ல இருந்து பங்கு பங்கா எடுத்து 4ஜிக்குத் திருப்பறாங்க. கம்பெனிப் பக்கம் அது நியாயம்தான், அதே அலையில பத்து மடங்கு டேட்டா ஓட்டலாம். ஆனா 2ஜிக்கு மிஞ்சறது நூல் மாதிரி. போன கோடையில என் ஸ்டார்ட்டர் பெட்டியில இருந்த சிம் (எந்தக் கம்பெனின்னு வேண்டாம்) ஒரு ராத்திரி மோட்டாரை ஓட விட்ட காலை எடுத்துக்கிச்சு, நிறுத்தற காலை எடுக்கலை. நாலு தடவை அடிச்சேன், 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ன்னு அந்தம்மா பேசுது. வண்டியை எடுத்துக்கிட்டு நான் போய்ச் சேர்றதுக்குள்ள கிணத்துல தண்ணி வத்தி, மோட்டார் வெறுமனே ஓடி, காயில் புகைஞ்சிருச்சு. கட்டறதுக்கு ஐயாயிரத்துச் சொச்சமும், நாலு நாள் தண்ணி இல்லாம வாடுன முருங்கையும் போச்சு.

இப்ப அந்தப் பெட்டியில என் பட்டன் போன் கம்பெனி சிம்மையே போட்டிருக்கேன், அது இன்னும் 2ஜியை இங்க உருப்படியா ஓட்டுது. 4ஜி வச்ச பெட்டியும் வந்திருக்கு. காங்கேயத்துல ஸ்டார்ட்டர் கடையில விலை விசாரிச்சேன், பழசைவிட ரெண்டு மடங்கு சொன்னார். மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார். "இந்த 2ஜி இன்னும் எத்தனை நாளைக்குங்க ஓடும்?"னு கடைக்காரரைக் கேட்டார்.

"அதை டெல்லியிலதாங்ண்ணா கேக்கணும்"னு சொல்லிட்டு அவர் அடுத்த ஆளுக்கு ஃபியூஸ் எடுக்கப் போயிட்டார்.